கவாத்து, ஜூலை

முதல் வருடம் எதுவும் நடவில்லை.
மழை வந்தால் ரப்பர் பூட்ஸோடு வெளியே ஓடி
தண்ணீர் எங்கே தயங்குகிறது
என்று மட்டும் பார்த்தோம்.
மின்கட்டண உறையின் பின்பக்கம்
பெவன் வரைந்த படத்தில்
எங்கள் கால் ஏக்கர்
கடித்து வைத்த பிஸ்கட் மாதிரி இருந்தது.

ஹூவான் ஆற்றுக்கு மேலே இந்தச் சரிவில்
வெயில் வடக்கிலிருந்து வரும்.
ஆகவே உயரமானவை தெற்கே:
செஸ்ட்நட், பேரி, அப்புறம் ஆப்பிள்கள்,
அவற்றின் காலடியில் காம்ஃப்ரி,
அதற்கும் முன்னால் கறுப்பு கர்ரண்ட்.
சமையலறைக் கதவருகே,
இரவு உடையோடு எட்டிப் பறிக்க,
வெங்காயத்தாளும் எலுமிச்சையும்.
கீழ் வேலியோரம் உறைபனி வந்து உட்காரும் பள்ளம்
ஆகஸ்ட் காலைகளில் வெள்ளையாகத் தெரியும்.
அங்கே ஏப்ரிகாட் வேண்டாம் என்றேன்.
வைத்தான்.
மூன்று வசந்தம் பூத்தது, மூன்று வசந்தமும் கறுத்தது.
நான் ஒன்றும் சொல்லவில்லை என்றால்
அது பொய்.

நான்காம் ஜூலை.
சால்மன் பண்ணையில் அவனுக்கு இரண்டு வார வேலை.
கத்தரியை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து
கீவ்ஸ்டன் ஃபேனியின் முன்னால் நின்றேன்.
பட்டதை எடு. நோய்ப்பட்டதை எடு.
உரசும் இரண்டில் ஒன்றை எடு.
வெளிப்பக்கம் பார்க்கும் மொட்டுக்குச் சற்று மேலே,
சாய்வாக,
மழைத்துளி நிற்காமல் வழியும்படி.
இவ்வளவுதான் தெரியும்.
இவ்வளவோடு நிறுத்தியிருக்கலாம்.

சாப்பாட்டு மேசையில் முடிக்காமல் விட்ட பேச்சொன்று
கைப்பிடிக்குள் வந்து உட்கார்ந்திருந்தது.
நடுத்தண்டை அறுத்தேன்.
அதன் இரு தோள்களை அறுத்தேன்.
கறுப்புக் காக்கட்டூ இரண்டு
கதவுக்கீல் போலக் கிரீச்சிட்டபடி மேலே போயின.
அந்தியில் பார்த்தால்
மரம் இருந்த இடத்தில் ஒரு குடைக்கம்பி.

வந்தான். பார்த்தான்.
"கோடாலி கிடைக்கவில்லையா?"
அந்த இரவே, தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு,
வெட்டியதையெல்லாம் துண்டாக்கிப்
பேரிக்கு மூடாக்காகப் போட்டான்.
எதுவும் வேலிக்கு வெளியே போகக்கூடாது
என்பது எங்கள் தோட்டத்தின் சட்டம்.
சண்டையும் அப்படித்தான்,
உள்ளேயே சுற்றி வந்தது.

வேர் எதையும் மறக்கவில்லை.
இல்லாத கிளைகளுக்கென்று சேர்த்ததையெல்லாம்
அக்டோபரில் ஒரேயடியாக மேலே அனுப்பியது.
வெட்டிய ஒவ்வொரு வாயிலும் ஐந்தாறு போத்து,
சாட்டை சாட்டையாய், நேரே வானத்துக்கு.
ஒரு பூ இல்லை.
கத்தரியை எடுத்தேன்.
"மறுபடி வெட்டினால் மறுபடி கத்தும்" என்றான்.
பிடுங்கவில்லை;
கையை நீட்டிக்கொண்டு நின்றான், அவ்வளவுதான்.

டிசம்பரில் பாதிப் போத்துகளைக் கையால் கிழித்தெடுத்தோம்.
மீதிக்கு
பதினொரு பால் குப்பிகளைக் கழுவி,
கைப்பிடியில் சுருக்குப் போட்டுத் தொங்கவிட்டு,
நெட்டுக்குத்தாய் நின்றது தரைக்கு இணையாகத் தாழும்வரை
அவன் தண்ணீர் ஊற்ற,
நான் "போதும்" சொல்ல,
பிறகு "இன்னும் கொஞ்சம்" சொல்ல.
படுத்த கிளைதான் காய்க்கும், அது மரத்தின் கணக்கு.
அதை மனிதர்களுக்குப் பொருத்திப் பார்க்காதே என்றேன்.
நான் எங்கே பார்த்தேன் என்றான்.

ஹென்ட்ரிக்கா, வேலிக்கு அப்பாலிருந்து:
"உங்கள் மரம் எத்தனை லிட்டர் கறக்கிறது?"

குளிரில் ஒரு குப்பி உறைந்து வெடித்தது.
ஒன்றைப் போசம் கொண்டுபோனது, எதற்கோ.
மறு வசந்தத்தில் கயிறுகளை அவிழ்த்தோம்.
எட்டுக் கிளைகள் வைத்த இடத்திலேயே நின்றன,
கணுவுக்குக் கணு தடித்த மொட்டு.
ஒன்று மட்டும்,
பாரம் கழன்றதும்,
மெதுவாக, எங்கள் கண்ணெதிரே,
பழைய உயரத்துக்கு எழுந்தது.

கத்தரி என் பின்பாக்கெட்டில் இருந்தது.
அது இருப்பது அவனுக்கும் தெரியும்.
அதன் நிழல் விழும் இடத்தில்
உறையின் படத்தில் ஒன்றும் வரைந்திருக்கவில்லை.
பெவன் குப்பியின் தண்ணீரை
ஏப்ரிகாட்டுக்கு ஊற்றப் போனான்.
நான் வாத்துகளைத் திறந்துவிட்டேன்.
நேரமாகியிருந்தது, நத்தைகளுக்கு.